கெளுத்திக்குப் போட்ட மூன்று பானைகள்

கோகிலா மீனின் வயிற்றைக் கீறியபோது உள்ளிருந்து சோறு வந்தது.

அவள் புருஷன் கலியாணசுந்தரம் பக்கத்தில்தான் குந்தியிருந்தான். முதலில் புழு என்றுதான் நினைத்தான். புழுவாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பித்தப்பையின் மேல் வழிந்து, குடலோடு குடலாகப் பலகையில் வந்து விழுந்தது நல்ல வெந்த சோறு. பருக்கை பருக்கையாக, கரையாமல், பளபளவென்று கிடந்தது. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மலாக்கா முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தது. சோற்றைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகிறது. மனிதனுக்குக் கிடைக்காத சோறு ஒரு கெளுத்தி மீனுக்கு எங்கிருந்து கிடைத்தது?

இருவரும் அதையே பார்த்தார்கள். சொல்லவே கூசுகிறது, இருவருக்கும் வாயில் எச்சில் ஊறியது.

"நல்லாக் கழுவிட்டா..." என்று கோகிலா இழுத்தாள்.

"சீ! தூக்கிப் போடு."

அவன் முகம் கழுவிவிட்டு வந்தபோது பலகை சுத்தமாக இருந்தது. குப்பைக் குழியில் குடல் கிடந்தது, சோறு இல்லை. கோகிலா முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

மீனைப் பிடித்த குளம் அவனுடையதல்ல, வீடும் அவனுடையதல்ல. மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் பாக்கியலட்சுமி என்ற செட்டி அம்மாளின் வீட்டுப் பின்கட்டில் இருவரும் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். மலாக்காச் செட்டிகளை வட்டிக்கடைச் செட்டியார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பல தலைமுறைகளாக அந்த மண்ணிலேயே ஊறிப்போன தமிழர்கள் அவர்கள். கும்பிடும் சாமி நம் சாமி, நெற்றியில் நம் விபூதி, பேச்சு மட்டும் மலாய். மூத்த பெண்களை அங்கே பீபி என்று கூப்பிடுவார்கள். பாக்கியலட்சுமி பீபியின் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் தோட்டத்துக் கோடியில் வெட்டிய குளம் அது. அவர் போய்ப் பல வருஷம். மிச்சம் இருந்தது மூன்று பிள்ளைகள்: சேதுபதி, கணேசமூர்த்தி, சின்னப்பா. இலவசமாகப் படம் காட்டுகிறோம் வாருங்கள் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே மாட்டிய ஆண்களையெல்லாம் லாரியில் அடைத்து சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தோடு மூவரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கடுதாசி கூட இல்லை.

கலியாணசுந்தரமும் போயிருக்க வேண்டியவன்தான். ஜாலான் பெண்டஹாராத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கடை மூடியதும், வேலை இல்லாத ஆண்பிள்ளை என்ற ஒரே குற்றத்துக்காக அவனையும் லாரியில் ஏற்றியிருப்பார்கள். அவனைக் காப்பாற்றியது மீன். ஆள் பிடிக்கும் ஆபீசில் பெயர்ப்பட்டியல் எழுதிய கிராணி பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு மேலே இருந்த ஜப்பானிய அதிகாரிக்குக் குளத்து மீன் என்றால் உயிர். சனிக்கிழமை தவறாமல் ஒரு கூடை மீன் உயிரோடு வந்து சேர்ந்தால் கலியாணசுந்தரத்தின் பெயர் எழுதப்படாது. வராவிட்டால் எழுதப்படும். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் குளம் ஏமாற்றியது. மொட்டைக் குளம் அது. நடுவில் ஆளுயரத் தண்ணீர், சுற்றிலும் வழவழவென்று களிமண், அடியில் ஒரு கட்டை கிடையாது, ஒரு வேர் கிடையாது. ஒளிய இடம் இல்லாத மீனைக் காலையில் கொக்கு கொத்தியது, மத்தியானம் உடும்பு விழுங்கியது, மிச்சத்தை நீர்நாய் குடும்பத்தோடு வந்து தின்றுவிட்டுப் போனது. கடற்கரை மலாய்க்காரர்கள் தென்னை மட்டைகளைக் கல்லோடு கட்டிக் கடலில் இறக்குவார்கள், அதன் நிழலில் மீன் வந்து அண்டும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். அதையே குளத்தில் செய்தால் என்ன என்று தோன்றியது. ரம்புத்தான் கிளைகளை வெட்டி, இலையோடு கட்டுக்கட்டாகக் கட்டி, கல்லை வைத்து அமிழ்த்தினான். மூங்கிலைக் கணுவுக்குக் கணு அறுத்து அடுக்கினான். பட்டுப்போன தென்னைமரத்தைத் துண்டு போட்டு நடு ஆழத்தில் உருட்டிவிட்டான். சின்ன மீன்கள் கிளைக்குள் புகுந்துகொண்டன. கெளுத்திக்கு மட்டும் அது போதாது, அதற்கு இருட்டான பொந்து வேண்டும். பானை இருந்தால் பிரமாதம். ஊரில் உடைந்த பானையைக்கூட யாரும் விட்டுக்கொடுக்காத காலம்.

பானை மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. முன்வாசல் படிக்கட்டின் அருகே மரவள்ளி நடுவதற்காகக் கொத்தும்போது, ஒரு முழ ஆழத்தில், வரிசையாக மூன்று. வாயில் ஓடு கவிழ்த்து, சுண்ணாம்பு வைத்துப் பூசி, நூல் சுற்றியிருந்தது. அந்த நாளில் நகை உள்ளவர்கள் எல்லோரும் அதை மண்ணுக்குள்தான் வைத்திருந்தார்கள். பீபி கோயிலுக்குப் போயிருந்தாள், கோகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் திருடன் அல்ல. ஆனாலும் மூடியைப் பெயர்த்தான்.

நகை இல்லை. கல்லாக இறுகிய உப்பு. உப்புக்கு நடுவில் ஒரு துருப்பிடித்த ஊசியும், கறுத்துச் சுருங்கிய ஏதோ ஒன்றும். மூன்றிலும் அதே. பழைய தோல் மாதிரி இருந்தது, ஓர் ஓரத்தில் வால் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. எப்போதோ போட்டு மறந்துபோன கருவாடு என்று முடிவு செய்தான். ஒரு பெண்ணிடம் காட்டியிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். நகைக்கு ஆசைப்பட்டுத் திறந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும் என்பதால் அவன் வாயைத் திறக்கவில்லை. கறுத்த துண்டுகளைக் குளத்தில் வீசினான். மீன்கள் பாய்ந்து வந்தன. பானைகளைக் கழுவி, கிளைக்கட்டுகளுக்கு நடுவே சாய்த்து இறக்கினான். உப்பை வீணாக்க மனம் வரவில்லை. சுரண்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக் கோகிலாவிடம் கொடுத்தான். கடைத்தெருவில் கிடைத்தது என்றான். அவளும் சந்தோஷமாக வாங்கி வைத்தாள், இரண்டு மாதம் குழம்புக்குப் போட்டாள்.

மூன்றாவது வாரத்திலிருந்து குளம் அள்ளிக் கொடுத்தது. பானை இருக்கும் இடத்தில் வலையைப் போட்டால் போதும், கையளவு தடிமனுக்குக் கெளுத்திகள் சுருண்டு வந்தன. பொன்னுதுரைக்கு வாயெல்லாம் பல். அதிகாரி தட்டை நக்காத குறையாகச் சாப்பிட்டாராம். கலியாணசுந்தரம் பல மாதங்களுக்குப் பிறகு இரவில் கால் நீட்டித் தூங்கினான்.

வாடைதான் முதலில் உறுத்தியது. மீன் வாடையும் சேற்று வாடையும் அவனுக்குப் பழக்கம். இது வேறு. சின்ன வயதில் தோட்டத்து ஆஸ்பத்திரியில், காலில் புண் வந்தவர்களைப் படுக்க வைத்திருந்த நீளமான கொட்டகை ஒன்று இருந்தது. அதைக் கடந்து போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். இனிப்பும் அழுகலும் கலந்து தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் சீழ் வாடை அது. அதே வாடை இப்போது மீனில் அடித்தது. மீனைப் பிடித்த கையில் அடித்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மீனின் மேல் இருந்த வழுவழுப்பு விரலிலிருந்து நூல் நூலாகத் தொங்கியது. வலையிலிருந்து எடுக்கும்போது அவை துள்ளுவதில்லை. கையைத் தேடி வந்து, விரல் நுனியை வாயில் கவ்வி, மெதுவாகச் சப்பின. சப்பிய இடம் வெளுத்துப்போய், தோல் மிருதுவாகி, லேசாக உரிந்தது.

அப்புறம் அந்தச் சோறு. அதற்கு அடுத்த வாரம் ஒரு மீனை அவனே அறுத்தான். வயிற்றில் மஞ்சளாக, தடிமனாக ஒரு துண்டு இருந்தது. விரித்துப் பார்த்தான். தோல். தோலில் மயிர் இருந்தது, சுருள் சுருளாக, ஆண்பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே முளைப்பது போல. வாழைமரத்தடியில் போய் வயிறு காலியாகும்வரை வாந்தி எடுத்தான். அன்றோடு மீன் தின்பதை விட்டான். கோகிலா விடவில்லை. ஊரே எலும்பும் தோலுமாக நடமாடியபோது அவள் கன்னம் மட்டும் உப்பியது.

"எதுக்குங்க வேணாங்கிறீங்க? வாசம் என்ன வாசம், பசிக்கு முன்னால?" என்றாள். அவள் வாயிலிருந்தும் அதே வாடை வந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு வியாழக்கிழமை உச்சிவேளையில் சோற்றுக்குக் காரணம் தெரிந்தது. பீபி குளக்கரையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கெபாயாச் சட்டை, இடுப்பில் இஸ்திரி போட்ட சாரோங், கொண்டையில் பூ. எதிரே மூன்று வாழையிலை. ஒவ்வோர் இலையிலும் சோறு, சம்பல், ஒரு துண்டு வெள்ளரிக்காய். எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ அந்த அரிசியை! செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பது செட்டி வீடுகளில் வழக்கம்தான். ஆனால் அது வீட்டுக்குள் நடக்கும், படத்துக்கு முன்னால். இவள் இலைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தள்ளிவிட்டாள். இலை மிதந்து போய், கிளைக்கட்டுகளுக்கு மேலே நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே இழுபட்டது. மறுபடி மேலே வரும்போது வெறும் இலையாக வந்தது.

"பீபி, என்ன இது?"

அவள் மலாயில்தான் பேசினாள். முகமெல்லாம் பூரிப்பு.

"பிள்ளைங்க வந்துட்டாங்க சுந்தரம். மூணு பேரும்."

"எங்க வந்துட்டாங்க?"

"இங்கதான்." தாடையால் குளத்தைக் காட்டினாள். "படிக்கட்டுப் பக்கமா வருவாங்கன்னு விளக்கேத்தி வச்சிக் காத்துக்கிட்டிருந்தேன். அவங்க பிறந்தப்ப நச்சுக்கொடியை உப்பும் ஊசியும் போட்டு, பானையில மூடி, என் மாமியார் அங்கதான் புதைச்சாங்க. எந்தச் சீமைக்குப் போனாலும் கொடி கிடக்கிற இடத்துக்குத்தானே பிள்ளை திரும்பி வரணும்? வந்துட்டாங்க. ஆனா தண்ணிக்குள்ள போய் உக்காந்துக்கிட்டாங்க. ஏன்னு தெரியல. கூப்பிட்டாலும் மேல வரமாட்டேங்கிறாங்க."

கலியாணசுந்தரம் மனதுக்குள் கணக்குப் போட்டான். இரண்டு மாதம். அந்த உப்பு. அந்தக் குழம்பு. கையை வழித்து நக்கிய குழம்பு.

"உயிரோடயா பீபி?" என்றான். அதைக் கேட்டதற்காகத் தன்னையே வெறுத்தான்.

"வந்துட்டாங்க" என்றாள் அவள். "அது போதாதா எனக்கு?"

நியாயமாகப் பார்த்தால் அவன் அங்கேயே காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பானைகளை எடுத்து, பழைய இடத்திலேயே புதைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம். வெள்ளிக்கிழமை பீபி கோயிலுக்குப் போனதும் கோவணத்தோடு குளத்தில் இறங்கினான். தண்ணீர் மேலே வெதுவெதுப்பாக இருந்தது, இடுப்புக்குக் கீழே சில்லென்று இருந்தது. தான் கட்டிய கட்டுகள்தானே, எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அமிழ்ந்தான். கிளை. மூங்கில். தென்னங்கட்டை. பானையின் விளிம்பு.

விளிம்புக்குப் பக்கத்தில் இன்னொன்று.

கட்டை என்று நினைத்துப் பிடித்தான். கட்டை இல்லை. கணுக்கால். எலும்பு தட்டியது, அதன் மேல் சதை ஊறிய துணி மாதிரி நகர்ந்தது. கைக்குள் நகர்ந்தது. சுற்றிலும் வழுவழுவென்று வாய்கள், சின்னச் சின்ன வாய்கள், சப்பிக்கொண்டிருந்தன. அவன் கையை விட்டான். அந்தக் கால் மெதுவாக இழுத்துக்கொண்டது. தூக்கத்தில் ஒருவன் காலை மடக்குவது போல.

எப்படிக் கரையேறினான் என்று அவனுக்கே தெரியாது. வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பினான். துப்பிக்கொண்டே இருந்தான்.

சனிக்கிழமைக் கூடை பாதிதான் நிறைந்தது. கரையோரமாக, முழங்கால் தண்ணீருக்கு மேல் போகாமல் வீசிய வலைக்கு வேறென்ன கிடைக்கும்? பொன்னுதுரை அவரே சைக்கிளில் வந்துவிட்டார். மோசமான மனுஷர் இல்லை. பயந்த மனுஷர். கூடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சுந்தரம் இது? நாளைக்கு ஐயாவுக்கு விருந்தாளிகள் வருகினம். ரெண்டு கூடை வேணுமெண்டு சொல்லிப் போட்டார்."

"ரெண்டு கூடையா? குளத்துல ஏதோ சரியில்லைங்க. ஒரு வாரம் விடுங்க..."

"நாளைக்குப் பின்னேரம் லொறி வெளிக்கிடுது. ஒரு ஆள் குறையுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் என்ன செய்யிறது, சொல்லும்? உம்மட பேரை எழுதாட்டி என்ர பேரை எழுதுவினம். லொறி இந்த வழியாலதான் வரும். கூடை ரெண்டும் வாசலில இருந்தா நேரே போகும். இல்லாட்டி நிக்கும்."

கோகிலா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அவர் போனதும் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போயிட்டா நான் என்னங்க செய்வேன்? குளத்தை வெட்டிவிடுங்க. தண்ணி வத்தினா எல்லா மீனும் கையிலதானே?" என்று அழுதாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவளைப் புக்கிட் பாருவில் இருந்த அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பினான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், சாலையோரக் கால்வாய்ப் பக்கம் கரையை வெட்டினான்.

தண்ணீர் இறங்க அரைநாள் பிடித்தது. அவன் கரையில் உட்கார்ந்து பார்த்தான். ஓடிப்போயிருக்கலாமே என்று கேட்பது சுலபம். எங்கே ஓடுவது? ஆயர் குரோ காட்டுக்குள் ஓடியவர்களைப் பிடித்துக் கொண்டுவந்து என்ன செய்தார்கள் என்பதை ஊரே பார்த்திருந்தது. வெயில் ஏறியது. வாடை ஏறியது. கால்வாயில் ஓடிய தண்ணீரில் எண்ணெய் மினுக்கமும் மஞ்சள் நுரையும் மிதந்தன. கொக்கு ஒன்று வந்து உட்கார்ந்து, குனிந்து பார்த்து, கொத்தாமல் எழும்பிப் போய்விட்டது.

முதலில் கிளைக்கட்டுகளின் தலை தெரிந்தது. இலையெல்லாம் உதிர்ந்து, கம்புகள் கறுத்து, பாசி தொங்கியது. பிறகு மூங்கில் அடுக்கு. பிறகு தென்னங்கட்டை. கட்டைக்குப் பக்கத்தில் மூன்று உருண்டைகள் மெல்ல மெல்ல வெளியே வந்தன. பானைகள் குப்புறக் கிடக்கின்றன என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பானையில் முடி இருக்காது.

பீபி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "ஆத்தாடி, எப்படி இளைச்சுட்டாங்க" என்றாள்.

தண்ணீர் மார்புக்கு இறங்கியது. வயிற்றுக்கு. இடுப்புக்கு.

மூவரும் அவன் போட்ட கிளைகளுக்கு நடுவே, சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். விலா எலும்பை எண்ணலாம். வெளுத்த உதடு. முகத்தில் மூடாத கண், பால் விழுந்த கண். ஒவ்வொருவனும் தன் பானையைப் பக்கத்தில் அணைத்து வைத்திருந்தான். கால்களை நீட்டியிருந்தார்கள். முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் காலே தெரியவில்லை. மீன். வரிசை வரிசையாக, கறுப்பாக, கொழுத்து, கெளுத்தி மீன். ரயில் பாதையில் அழுகிய புண்ணுக்குள் வாயைப் பதித்து, தண்ணீர் போனது தெரியாமல், வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு தொங்கின. சப்பும் சத்தம் கரைவரைக்கும் கேட்டது.

பீபி சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். முழங்கால்வரை புதைந்து புதைந்து நடந்து போனாள். சின்னப்பாவின் முகத்தைக் கெபாயாவின் கைநுனியால் துடைத்துவிட்டாள். அவன் தலை அவள் கைப்பக்கம் திரும்பியது. அவள் திரும்பிக் கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"பிள்ளைங்களுக்கு வலிக்குது சுந்தரம். வந்து எடுத்து விடு."

சாலைக் கோடியில் லாரியின் சத்தம் கேட்டது.

அவன் கூடைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். சேறு சூடாக இருந்தது. மூத்தவன் சேதுபதியின் காலருகே குந்தினான். மூச்சை அடக்கிக்கொண்டு முதல் மீனைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. திருகி இழுத்தான். வந்தது, வாயில் ஒரு துணுக்கோடு. கூடையில் போட்டான். அடுத்தது. அடுத்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வாந்தி வந்தது, தோளில் துடைத்துக்கொண்டான், கை நிற்கவில்லை. அடுத்தது. முதல் கூடை நிறைந்தபோது அவன் மனதுக்குள் பொங்கி வந்தது சந்தோஷம்தான். வெட்கம் கெட்ட, சுத்தமான சந்தோஷம்.

லாரி வாசலில் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

நடுப்பிள்ளையின் காலருகே நகர்ந்த பிறகும், இரண்டாவது கூடையில் இன்னும் கால்வாசி இடம் இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். கணேசமூர்த்தி, யாரும் கேட்காமலே, இன்னொரு காலையும் அவன் பக்கமாக நீட்டினான்.